ஒரு சொட்டுகூட

யீஷூனில் எங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்தத்தில்
காருக்கடியில் படுக்க விடமாட்டார்கள்.
பட்டறைக்காரர் கேட்கும் காசில்
மகளின் பள்ளிப் பேருந்து ஒரு மாதம் ஓடும்.
ஆகவே செராங்கூன் கார்டன்ஸ்,
குவெக் ஆண்ட்டியின் முகப்பு.

வாரம் ஒருமுறை கண் மருத்துவரிடம்
நான் ஏற்றிச் செல்லும் பயணி.
மங்கையர்க்கரசியை
மங்கா என்று சுருக்கிவிட்டார்.
மலாயில் அது மாம்பழம்.
பரவாயில்லை.

முகப்பு முழுக்க வெள்ளைத் தரைக்கல்.
பால் கொட்டினால் தெரியாது,
வேறு எது கொட்டினாலும் தெரியும்.
"சத்து தித்திக் புன் தாக் போலே."
சுண்டுவிரல் நுனியைக் கிள்ளிக் காட்டினார்:
இத்தனூண்டுகூட.

முதலில் அட்டை, குளிர்பெட்டி வந்த பெரிய அட்டை.
அதன்மேல் பழைய நாளிதழ்.
மரண அறிவிப்பில் யாரோ ஒருவர்
டை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.
அவர் முகத்தில் வேண்டாமென்று
திருப்பிப் போட்டேன்.
மறுபக்கம் சோபா தள்ளுபடி.

இஞ்சின் ஐந்து நிமிடம் ஓடி நின்றது.
வெதுவெதுப்பு போதும். கொதித்தால் கை போகும்,
ஆறினால் வெல்லப்பாகாய் ஒட்டிக்கொண்டு இறங்காது.
சாய்மேடையில் ஏறி நின்ற காரின் வயிற்றுக்குள்
முதுகால் ஊர்ந்து போனேன்.

திருகாணியை உள்நோக்கி அழுத்திக்கொண்டே
அவிழ்க்க வேண்டும்.
வெளியே வரத் துடிப்பதை
இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று
கடைசி மரை வரை பிடித்துவைத்துச்
சட்டென்று கையை விலக்க வேண்டும்.
நான்கு வருடம் மாமியார் வீட்டில் இருந்தவளுக்கு
இது புதிதல்ல.

முதல் பாய்ச்சல் தள்ளிப்போய் விழும்.
தட்டை ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தேன்.
கறுப்புக் கயிறு வளைந்து
நடுவில் இறங்கியது.
போகப்போகக் கயிறு மெலியும், நேர்கீழே வரும்,
அதற்குள் தட்டை இழுக்க வேண்டும்.
இழுக்கக் கை நீட்டினேன்.
இடி.

சுமத்ரா காற்று.
மழை படுத்துக்கொண்டு உள்ளே வந்தது.
தட்டில் தண்ணீர் சேர்ந்தால் எண்ணெய் மேலே மிதக்கும்,
விளிம்பு தாண்டும், வெள்ளைத் தரை, கால்வாய்,
அங்கிருந்து நீர்த்தேக்கம், அங்கிருந்து
யார் வீட்டுக் குழாய்க்கோ.
காருக்கடியில் கிடந்தபடியே
நாடு முழுவதையும் அழுக்காக்கி முடித்தேன்.

அப்போதுதான் அந்தப் பாதங்கள்.
நீல ஜப்பான் சிலிப்பர், ஊதிய கணுக்கால்.
முக்காலி ஒன்று கிரீச்சென்று இழுபட்டது.
மழைக்கு முதுகு காட்டி
ஆண்ட்டி உட்கார்ந்துவிட்டார்,
கைக்கொரு குடையைப் பக்கவாட்டில் விரித்து.
"புவாட் கெர்ஜா, மங்கா."
செய்தேன் வேலையை.

வடிகட்டிக்கு நெகிழிப்பை மாட்டித் திருகினேன்.
ஈரச்சந்தை மீன்போலப் பைக்குள்ளேயே விழுந்தது.
புது எண்ணெய்ப் போத்தலைப் படுக்கவைத்து ஊற்றினேன்,
நிமிர்த்தினால் விக்கும், விக்கினால் தெறிக்கும்.
பழையதைச் சமையல் எண்ணெய் டின்னில் அடைத்து
மேலே மண்டையோடு வரைந்தேன்.
யாரும் வாழைக்காய் பொரித்துவிடக் கூடாதல்லவா.

டார்ச் அடித்துத் தரைக்கல் தரைக்கல்லாய்ப் பார்த்தோம்,
என் இரு கண்ணும் அவருடைய ஒன்றும்.
ஒன்றுமில்லை.
அவர் முதுகுதான் தொப்பலாய் நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் கைபேசியில் ஒரு படம்.
வெள்ளைத் தரைக்கல். கரும்புள்ளி.
சுற்றிச் சிவப்பு வட்டம்.
ஒரு சொல் இல்லை.

இரண்டு பயணங்களை ரத்து செய்துவிட்டுத்
துணி, பாத்திரத் திரவம், அரைக் கிலோ அரிசி மாவோடு
ஓடினேன்.
மண்டியிட்டுத் துணியை அழுத்தினேன்.
புள்ளி உருண்டது.

தர்பூசணி விதை.

கதவு திறந்திருந்தது.
மேசையில் அரைப் பழம்,
இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி.
"கண் சரியில்லை, மங்கா" என்றார்
கண்ணைச் சிமிட்டாமல்.

விதையைத் துணியில் மடித்துக்கொண்டு
நாற்காலியை இழுத்தேன்.
அடுத்த எண்ணெய்க்கு இன்னும்
ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர் இருக்கிறது என்றேன்.

சீக்கிரம் ஓட்டேன் என்றார்.